கண்டாங்கிச் சேலையில் முதல் ஒட்டுப்போர்வை: மாசியில் தொடங்கிப் பங்குனியில் முடிக்க

மாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு வேலை ஒன்றாகத் தொடங்கும். மொட்டை மாடியில் வத்தல் போடுவது ஒன்று; பெட்டியையும் பீரோவையும் திறந்து துணிமணிகளை வெயில் காட்டுவது இன்னொன்று. ஆறு வருஷத்துக்கு முன் அப்படி வெயிலுக்கு வந்த அப்பத்தாவின் பழைய கண்டாங்கி என்கிற கட்டம் போட்ட செட்டிநாட்டுப் பருத்திச் சேலைகளில்தான் என் முதல் ஒட்டுப்போர்வையைத் தைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு மாசியிலும் ஒன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லிக் கொடுங்களேன் ஆச்சி" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். தையல் மெஷினில் நேராக ஒரு தையல் ஓட்டத் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் பழகப் பழக வரும்.

ஒட்டுப்போர்வை என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டு துண்டாக வெட்டி இணைத்த ஒட்டுத்துணி, நடுவில் கனம் கொடுக்க ஒரு துணி, கீழே அடித்துணி. மூன்றையும் ஓட்டுத்தையலால் சேர்த்துப் பிடித்துவிட்டால் போர்வை. கடையில் குயில்ட் என்று விற்பது இதுதான். பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கிற வங்காளத்துக் காந்தாவும், வடகன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போகிற கவந்தியும் இதே வகைதான். ஆகவே புதுத்துணி வாங்கி இதைத் தொடங்காதீர்கள். வீட்டில் இருப்பதை எடுங்கள்.

மாசியை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடிகாலையில் இன்னும் குளிர் இருக்கும். மடியில் மூன்றடுக்குத் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இதமாக இருக்கும். சித்திரை பிறந்தபின் இந்த ஊர் வெயிலில் அதே துணி மடியில் இருந்தால் வேர்த்து ஊற்றும், ஊசி கையில் வழுக்கும். அதோடு, துவைத்த துணி அரைநாளில் காய்கிற காலமும் இதுதான்.

அளவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அகலம் 36 இஞ்சு, நீளம் 45 இஞ்சு. குழந்தைக்குப் போர்த்தலாம், பெரியவர்கள் மடிக்கும் காலுக்கும் போட்டுக்கொள்ளலாம். முதல் முறையே கட்டில் அளவுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் முடிப்பதில்லை என்பது நான் கண்ணால் கண்டது.

கேட்டுவிட்டு எடுங்கள்

சேலை யாருடையதோ அவர்களிடம் கேட்காமல் கத்தரியைக் கையில் எடுக்கக் கூடாது. அப்பத்தாவிடம் நான் மூன்று நாள் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் சேலையை மடியில் விரித்து, கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எடுத்துக்க ஆத்தா. பெட்டியில கெடந்து இத்துப் போறதுக்கு ஒங் கையில தையலாகட்டும்" என்றார். அப்போதும் ஒரு சேலையை மட்டும் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

நல்ல நிலையில் இருக்கிற கண்டாங்கியை வெட்டவே வெட்டாதீர்கள். இன்றைக்கும் காரைக்குடியில் தறியில் நெய்கிற சேலை அது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடுத்துவதற்கு நெய்ததை உடுத்தித் தீர்த்த பிறகுதான் அது நமக்கு.

வெட்டலாமா வேண்டாமா என்பதைத் துணியே சொல்லும். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழை விலகிச் சல்லடை போலத் தெரியும் இடங்களில் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போடுங்கள். அடுத்து, இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்துத் துணியை இழுங்கள். மெல்லிய 'சர்ர்' சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் இத்துப்போன துணி. எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். போர்வையில் அந்த ஒரு சதுரம்தான் முதலில் கிழியும். பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே உட்காரும் பாகமும், தரையில் உரசும் கீழ்க்கரையும் போயிருக்கும். இடுப்பில் செருகும் பக்கத்துக் கரை நன்றாகவே இருக்கும். அதைப் பத்திரப்படுத்துங்கள், கடைசியில் அதுதான் கை கொடுக்கப் போகிறது.

சாயமும் கஞ்சியும்

கண்டாங்கியின் அரக்கு நிறம்தான் அதன் உயிர். தண்ணீரில் கழன்று வருவதும் பெரும்பாலும் அதுவே. வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து, அரக்கு இருக்கும் இடத்தில் இருபது தரம் அழுத்தித் தேயுங்கள். வெள்ளை சிவந்தால் அந்தச் சேலையைத் தனியாக, நிறையத் தண்ணீரில், தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். கல்லுப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஏற்கெனவே ஏறிய சாயம் கழல்வதை உப்பு தடுக்காது. ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் சிவந்தால் அதைப் பைக்கு வைத்துக்கொள்ளுங்கள், போர்வைக்கு வேண்டாம். என் முதல் போர்வையை இந்தச் சோதனை செய்யாமல் தைத்தேன். முதல் துவைப்பிலேயே கடுகு மஞ்சளெல்லாம் திட்டுத் திட்டாக ரோஜா நிறமானது. அப்பத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அலசிய பின் கஞ்சி. பழஞ்சேலை கையில் பூவாகத் துவண்டுபோகும். வெட்டும்போது ஓரம் நழுவி அளவு மாறும். சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து முக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். முழுக்கக் காயும் முன், லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து விரித்து, கட்டங்கள் கோணலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பல வருஷம் துவைத்த கைத்தறியில் கட்டம் சாய்ந்துதான் இருக்கும். இரண்டு பேர் எதிரெதிர் மூலையைப் பிடித்து, குறுக்காக இரண்டு தரம் இழுத்தால் நேராகிவிடும். உடனே இஸ்திரி போடுங்கள். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுத்து வையுங்கள். துணி இப்போது காகிதம் போல நிற்கும்.

கட்டமே அளவுகோல்

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒட்டுப்போர்வை எளிதாக வருவதற்கு ஒரு காரணம், கண்டாங்கியின் கட்டங்கள். பாவும் ஊடையும் போகிற திசையைத் துணியே கோடு போட்டுக் காட்டுகிறது. பூப்போட்ட மில் துணியில் நேர் இழை எது என்று தேட வேண்டியிருக்கும். இதில் அந்தத் தேடல் இல்லை.

பிள்ளைகளின் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் 5 இஞ்சு சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். காலண்டர் அட்டை வேண்டாம். இருபது சதுரம் வரைவதற்குள் அதன் ஓரம் தேய்ந்து அளவு சிறுத்துவிடும். அட்டையின் ஓரமும் கட்டத்தின் கோடும் இணையாக இருக்கும்படி வைத்து, டெய்லர் சாக்கால் வரையுங்கள். தேய்ந்த சோப்புச் சில்லும் நன்றாக எழுதும். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம். கட்டங்களை எண்ணி, அதை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். கையால் நெய்த கட்டம் ஒன்றுக்கொன்று நூலளவு மாறும். திசைக்குக் கட்டம், அளவுக்கு அட்டை.

மொத்தம் 80 சதுரம் வேண்டும். மூன்று சேலை இருந்தால் மஞ்சள் 30, அரக்கு 30, கறுப்பு 20 என்று எடுங்கள். ஒரே சேலைதான் என்றாலும், அதில் பாதி இத்துப்போயிருந்தாலும், 80 தேறிவிடும். தைக்கும்போது நான்கு பக்கமும் கால் இஞ்சு தையலுக்குள் போகும். ஐந்து இஞ்சு துண்டு போர்வையில் நாலரை இஞ்சாகத் தெரியும். குறுக்கே எட்டு வைத்தால் 36, நெடுக்கே பத்து வைத்தால் 45.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நட்சத்திரத்தையும் பூவையும் துணியில் கொண்டுவர ஆசை வரும். எனக்கும் வந்தது. அடுத்த போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முக்கோணம் வெட்டினால் ஒரு பக்கம் இழைக்குக் குறுக்காகப் போகும். தொட்டாலே ரப்பர் மாதிரி நீளும். பழகாத கைக்கு அது அடங்காது.

தரையில் அடுக்குவது

ஆத்தங்குடித் தரை வேறொரு வகையில் உதவும். கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, சூளையில் சுடாமல் செய்யும் இந்தக் கற்களின் சந்துகள் ஒரே நேராக ஓடும். வளவுக்குப் (வீட்டின் நடுமுற்றத்துக்குப்) பக்கத்தில் வெளிச்சமான இடமாகப் பார்த்து, தரையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். தேங்காயெண்ணெய் தொட்டுத் தரை துடைக்கிற வழக்கம் உள்ள வீடாக இருந்தால் இதை மறக்காதீர்கள். துணியில் எண்ணெய்க் கறை ஏறிவிடும். பிறகு 80 சதுரங்களையும் அடுக்குங்கள். ஒரே நிறம் பக்கத்தில் பக்கத்தில் வராமல் பார்ப்பது முதல் வேலை. அடுத்து, போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் மறைந்து அடர்த்தி மட்டும் தெரியும். எந்த மூலையில் இருட்டு திரண்டிருக்கிறது என்று உடனே பிடிபடும். அங்கே ஒரு கறுப்பை எடுத்துவிட்டு ஒரு மஞ்சளை வையுங்கள். திருப்தியானதும் வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கின் மேலும் வரிசை எண் எழுதிய சீட்டை ஊக்கால் குத்தி வைத்துவிடுங்கள். மின்விசிறியைப் போடும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

தைப்பது

கால்மிதி மெஷினே போதும். 14-ஆம் நம்பர் ஊசி, பருத்தி நூல், தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர். முதலில் மூன்று வேண்டாத துண்டை ஒன்றோடொன்று தைத்து இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளந்து பாருங்கள். சரியாக நாலரை இஞ்சு இருக்க வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ உங்கள் கால் இஞ்சு சரியில்லை. மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் இஞ்சு அளந்து ஒரு டேப் ஒட்டி, துணியின் ஓரத்தை அதை ஒட்டியே ஓட்டுங்கள். இந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்காதவர்கள் பிறகு ஐந்து மணிநேரம் பிரிப்பார்கள்.

ஒரு வரிசைக்கு எட்டு சதுரம். பத்து வரிசையும் முடிந்ததும் தையல் விளிம்புகளை ஒற்றைப்படை வரிசையில் வலப்பக்கமும், இரட்டைப்படையில் இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது விளிம்புகள் எதிரெதிராக வந்து ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். விரலால் தடவினால் அந்த இடம் பூட்டிக்கொள்வது தெரியும். அங்கே ஊக்கைக் குத்தி, நீளத்துக்கு ஓட்டுங்கள். நான்கு மூலையும் ஒரே புள்ளியில் கூடும்.

நடுவில் என்ன வைப்பது

எட்டு முழ வேட்டி. பழையது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. 40 இஞ்சு நீளமாக மூன்று துண்டு வரும். இருபக்கக் கரையையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கரை விறைப்பாக இருக்கும், பச்சைக் கரையோ சிவப்புக் கரையோ சாயமும் விடலாம். மூன்று துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நம் ஊர்க் குளிருக்கு அளவான கனம். பாலியஸ்டர் பஞ்சு ஷீட் லேசாக இருக்கும், கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு அது சரி; இங்கே பங்குனியில் அதைப் போர்த்தினால் உடம்பு புழுங்கும்.

இலவம்பஞ்சைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு மரம் நிற்கிறது. பங்குனியில் காய் வெடித்தால் பின்கட்டு முழுக்கப் பஞ்சு பறக்கும். இவ்வளவு பஞ்சு வீணாகிறதே என்று இரண்டாவது வருஷம் அதையே போர்வைக்குள் வைத்துத் தைத்தேன். தைத்து முடித்த அன்றைக்கு அவ்வளவு அழகு. துவைத்ததும் பஞ்சு மூலைக்கு ஓடிக் கட்டிக் கட்டியாகத் திரண்டுவிட்டது. நடுப்பாகத்தில் இரண்டு துணி மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மூன்று வாரக் கைத்தையலை உட்கார்ந்து பிரித்தேன். இலவம்பஞ்சின் இழை வழுவழுப்பானது, மேலே மெழுகு போன்ற பூச்சு உண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. தலையணைக்குள் அது நன்றாக இருப்பதற்கும் போர்வைக்குள் நிலைகொள்ளாததற்கும் காரணம் ஒன்றே.

அடித்துணிக்குக் காடாத்துணி நல்லது. நெருக்கமாக நெய்த மில் பெட்ஷீட்டில் கையூசி இறங்காது, விரல் நோகும். காடாவை வாங்கியதும் வெந்நீரில் ஒரு நாள் ஊறப்போட்டுத் துவைத்துவிடுங்கள். சுருங்க வேண்டியது முன்னாலேயே சுருங்கட்டும். அளவு, மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை இஞ்சு கூடுதல்.

மூன்றையும் பிணைப்பது

காடாவைத் தரையில் விரித்து, அதன் ஓரத்தைக் கற்களின் சந்துக்கு நேராக வைத்து, மாஸ்கிங் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். முறுக்காக இருக்கட்டும், இழுபடக் கூடாது. அதன் மேல் வேட்டி அடுக்கு, அதன் மேல் ஒட்டுத்துணி. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிட்டு, பெரிய பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். நடுவில் தொடங்கி நான்கு திசையிலும், ஒரு சாண் இடைவெளியில். ஊக்குக் குத்தினாலும் போதும்தான். ஆனால் மாசி பங்குனியில் வேலை நம் கையில் இருப்பதில்லை. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் திருவிழா வரும், பால்குடம் பார்க்க விருந்தாள் வருவார்கள், ஒரு வாரம் போர்வை மூலையில் கிடக்கும். ஊக்கு அத்தனை நாள் துணியில் இருந்தால் துருக்கறை விழலாம். நூல் தையல் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

கைத்தையல்

மெஷினிலும் ஓட்டலாம். நான் கையால் தைப்பதற்குக் காரணம் என் மகள். இந்த வருஷம் அவள் பன்னிரண்டாம் வகுப்பு; பட்டாலையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். மெஷின் சத்தம் அவளுக்கு ஆகாது, அவளைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது. பக்கத்தில் உட்கார்ந்து ஊசியை ஓட்டுகிறேன். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை வளவுக்குள் விழுகிற வெளிச்சம் இந்த வேலைக்கென்றே வருகிற மாதிரி இருக்கும்.

நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீளமான நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டைப் பிரித்து எடுத்தால் தையல் பளிச்சென்று தெரியும். நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு, தொடங்க வேண்டிய இடத்துக்கு ஓர் இஞ்சு தள்ளி, மேல்துணியில் மட்டும் ஊசியை இறக்கி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுங்கள். நூலை மெதுவாக இழுங்கள். முடிச்சு துணியின் மேல் வந்து நிற்கும். இன்னும் கொஞ்சம், சுண்டி இழுங்கள்: 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம், முடிச்சு உள்ளே போய்விடும். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

இனி ஓட்டுத்தையல். ஊசியைச் செங்குத்தாக இறக்குங்கள். அடியில் வைத்திருக்கும் இடக்கை விரலில் நுனி லேசாகத் தட்டுப்பட்டதும் ஊசியைச் சாய்த்து மேலே கொண்டுவாருங்கள். மூன்று நான்கு தையலை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒன்றாக இழுக்கலாம். நடுவிரலில் ஒரு பித்தளைத் தொப்பி மாட்டிக்கொண்டால் ஊசியைத் தள்ள வலிக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடினால் சில சமயம் கிடைக்கும். தையல் சிறியதாக வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். ஓர் இஞ்சுக்கு ஐந்து வந்தால் போதும்; ஐந்தும் ஒரே நீளமாக இருக்கட்டும். எந்த வழியில் தைப்பது என்றும் யோசிக்க வேண்டியதில்லை. கண்டாங்கிக் கட்டத்தின் கோடு இருக்கிறதே, அதன் மேலேயே போங்கள். சாக்கால் கோடு போடும் வேலை மிச்சம். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போதும். வேட்டி நெய்த துணி என்பதால் நகர்ந்து போகாது.

கவந்தி போலன்றி, இதை நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் தைக்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் தளர்வெல்லாம் நடுவில் வந்து புடைத்து நிற்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை மணிநேரம் தைத்தால் எனக்கு மூன்று வாரம் ஆகிறது. கழுத்து வலித்தால் நிறுத்திவிடுங்கள். மாவடு கிள்ளிய கையோடு துணியைத் தொடாதீர்கள்; பால் கறை போகவே போகாது.

கரை கட்டுவது

பத்திரப்படுத்திய சேலைக்கரை இப்போது வெளியே வரட்டும். போர்வையின் சுற்றளவு 162 இஞ்சு. மூலைக்கும் இணைப்புக்கும் பத்து இஞ்சு சேர்த்தால் 172. ஐந்தரை மீட்டர் சேலையின் ஒரு பக்கக் கரையே 216 இஞ்சு இருக்கும், தாராளம். இரண்டரை இஞ்சு அகலத்துக்கு வெட்டி, நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போடுங்கள். போர்வையின் மீந்த ஓரங்களை நேராக வெட்டிவிட்டு, பட்டியின் வெட்டிய விளிம்பும் போர்வையின் விளிம்பும் பொருந்த வைத்து, மேல்பக்கத்தில் கால் இஞ்சில் மெஷின் தையல். மூலைக்குக் கால் இஞ்சு முன்னால் நிறுத்தி, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, அப்படியே கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி, ஹெம்மிங் தையலால் காடாவோடு பிடியுங்கள். மூலை தானாக மடிந்து கூர்மையாக நிற்கும். நாலு மூலையில் முதல் மூலை சரியாக வராது. அதைக் கால்மாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் தற்காலிகத் தையலை உருவிவிட்டு, கட்டாயம் ஒரு முறை துவையுங்கள். கஞ்சி துணியில் தங்கினால் பூச்சி தேடி வரும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், இரண்டு கொடியில் சேர்த்துப் பரப்பி நிழலில் போடுங்கள். காய்ந்தபின் மேல்துணி மெல்லச் சுருங்கி, தையலுக்குத் தையல் சின்னச் சின்ன மேடு எழும்பியிருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டாம். பழைய வேட்டித் துண்டில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோ வசம்போ வைத்துப் பெட்டியில் வையுங்கள்.

இதற்குள் பங்குனி கடைசி வந்திருக்கும். மீந்த துணியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு சதுரங்கள் தேறும். அவற்றை இணைத்துத் தலையணை உறை ஒன்று தையுங்கள். பின்கட்டில் இலவங்காய் வெடித்துக் கிடக்கிற நேரம் அது. கொட்டையை நீக்கி, காடாவில் உள்ளுறை தைத்து, பஞ்சை அதில் அடைத்துவிடலாம்.